சின்னம் யாருக்கு, வேலை யாருக்கு?

வணக்கம் நேயர்களே. தலைமைத்துவக் கல்வி என்றதும் கொழும்பில் வெள்ளவத்தையானாலும் கொட்டாஞ்சேனையானாலும் நமக்கு நினைவுக்கு வருவது மாணவத் தலைவர் சின்னம்தான். ஏற்கெனவே மேடையில் முழங்கத் தெரிந்த பிள்ளைக்கே அதைக் குத்துகிறோம். பின்வரிசையில் வாய் திறக்காத பிள்ளைக்கு? ஒரு தன்னம்பிக்கைக் கருத்தரங்கு! பேச்சாளர் கைதட்டச் சொல்வார், அதுவும் தட்டும்.

தன்னம்பிக்கைக்கு, அதாவது 'என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்கு, வலுவான ஊற்று, தானே ஒரு காரியத்தைச் செய்து முடித்த அனுபவம் என்று உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1977இலேயே எழுதிவிட்டார். ஊக்க வார்த்தையெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

நான் படிப்பித்த பாடசாலையில் ஒரு வாணி விழா. பிரசாதப் பொறுப்பைப் பத்தாம் தரத்து மாணவி ஒருத்தியிடம் கொடுத்தேன். வரவு கூப்பிடும்போது அவள் குரல் எனக்கே கேட்காது. விழா அன்று காலையில் பார்த்தால், கடலையை யாருமே ஊறவைக்கவில்லை. ஊறாத கடலையை அவிப்பது என்ன பாடு என்று சமைப்பவர்களுக்குத் தெரியும். எனக்கு வாய் துடித்தது. ஆசிரியர் வாயை மூடிக்கொண்டிருப்பது இருக்கிறதே, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்! அவள் சற்று நேரம் பானையையே பார்த்தாள். பிறகு, "அவலுக்கு அடுப்பு வேண்டாமே, டீச்சர்" என்றாள். இரண்டு பேரைச் சந்தைக்கு அனுப்பி அவலும் சர்க்கரையும் தேங்காயும் வாங்குவித்தாள். தேங்காய் துருவ, சின்னம் குத்திய அக்காமாரையே பிடித்து உட்கார்த்தினாள். பூசை முடிவதற்குள் பிரசாதம் தயார்.

உளவியலாளர் சார்ல்ஸ் ஸ்னைடர் நம்பிக்கைக்குச் சொன்ன விளக்கம் இதுதான்: இலக்கை விடாத உறுதி ஒன்று, ஒரு வழி அடைபட்டால் மறுவழி தேடும் திறன் இன்னொன்று. கருத்தரங்கு முதலாவதைக் கொஞ்சம் கிளறிவிடும். இரண்டாவது, ஊறாத கடலைக்கு முன்னால் நின்றால்தான் வரும். ஆகவே சொல்கிறேன், சின்னம் இருக்கட்டும், வேலையைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

தன்னம்பிக்கை, நம்பிக்கை, நன்னோக்கு, மீண்டெழும் வலிமை ஆகிய நான்கையும் சேர்த்து உளவியல் மூலதனம், அதாவது ஒருவர் மனத்துக்குள் இருக்கும் கையிருப்பு, என்றார் முகாமைத்துவ அறிஞர் பிரெட் லூதன்ஸ். இரண்டுதான் பேசியிருக்கிறேன், அதற்குள் கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் கைகாட்டுகிறார். நன்னோக்கைப் பற்றி ஒரு வார்த்தை. விவாதத்தில் தோற்ற பிள்ளை "எனக்குப் பேச்சே வராது" என்றால் அப்படியே விட்டுவிடாதீர்கள். அன்றைய தலைப்பில் எந்த இடத்தில் தடுமாறியது என்று கேளுங்கள். தோல்வியை அந்த நேரத்தோடும் அந்த விடயத்தோடும் நிறுத்திப் பார்ப்பதையே உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் நன்னோக்கு என்கிறார். மீண்டெழும் வலிமைக்கு, இவர்கள் இன்னொரு முறை அழைத்தால் வருகிறேன். நன்றி, வணக்கம்.