இரவு பத்தரைக்குப் பிறகு

வணக்கம் நேயர்களே. உயர்நிலைப் பள்ளியில் பல வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். முதல் பாடவேளையிலேயே மேசையில் கவிழ்ந்து தூங்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். "ராத்திரி படிச்சியாப்பா?" என்று கேட்டால் பக்கத்துப் பையன் சிரிப்பான்.

2026 ஜனவரி முதல் சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசியும் திறன்கடிகாரமும் கூடாது. இடைவேளையிலும் சரி, இணைப்பாட நடவடிக்கையிலும் சரி. பாடத்துக்கான லேப்டாப் போன்ற கற்றல் சாதனமும், பெற்றோர் மாற்றாதவரை, முன்பு போல 11 மணிக்கு இல்லாமல் இரவு 10.30க்கே மூடிக்கொள்கிறது.

சரி, லேப்டாப் தூங்கிவிட்டது. பையன்? போர்வைக்குள் கைப்பேசி இருக்கிறதே! கல்வி அமைச்சின் கை அதுவரை நீளாது.

அப்படி என்னதான் பார்க்கிறார்கள்? ஒரு மாணவியிடம் கேட்டேன். "வாட்ஸ்அப் குழுவுல ராத்திரி பேசினதைச் சொல்லித்தான் சார் காலையில எல்லாரும் சிரிப்பாங்க. எனக்கு மட்டும் ஒண்ணும் புரியாது" என்றாள். டிக்டாக் கதை வேறு. ஒரு வீடியோ முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். எழுந்து போக ஓர் இடைவெளியே கிடைக்காது. பெரியவர்களே அதில் மாட்டிக்கொள்ளும்போது 13 வயதுப் பிள்ளையைத் திட்டி என்ன பயன்?

அதனால் கைப்பேசி இரவில் எங்கே சார்ஜ் ஆகிறது என்று முதலில் பாருங்கள். படுக்கையறை வேண்டாம். கூடத்தில் ஒரு கூடை போதும். வீடு சின்னது, பிள்ளை கூடத்தில்தான் படுக்கிறானா? கூடையைச் சமையலறைக்கு மாற்றுங்கள். "அலாரம் வைக்கணும்மா" என்பார்கள். தேக்கா கடைகளில் ஒரு அலாரக் கடிகாரம் வாங்கிக்கொடுங்கள். தேர்வு வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள், விடுமுறையில் ஆரம்பியுங்கள். தொடக்கப்பள்ளித் தம்பி தங்கைகளுக்கு அரசாங்க வழிகாட்டியே இருக்கிறது: 7 முதல் 12 வயது வரை, பள்ளி வேலை தவிர்த்து, நாளுக்கு 2 மணி நேரத்துக்கும் குறைவு.

அப்புறம், அப்பா அம்மா கைப்பேசியும் அதே கூடைக்குத்தான். எங்கள் வீட்டில் முதலில் முரண்டு பிடித்தது நான்தான். ஐபிஎல் மாலை ஆட்டம் நமக்கு இரவு 10 மணிக்குத்தான் தொடங்கும். முடிய நள்ளிரவு தாண்டிவிடும். மகள் ஒன்றும் பேசாமல் கூடையை நீட்டினாள். சென்னை தோற்ற செய்தி எனக்குக் காலைக் காப்பியோடுதான் தெரிந்தது.