சோப்பு இருக்கா? உங்கள் சிறுகதையை நீங்களே திருத்துவது பற்றி

[திரையில்: ரங்கூன், அனவ்ரத்தா சாலை, காலை நேரம். காளியம்மன் கோயில் கோபுரம். பிறகு ஒரு டீக்கடை மேசை. அதில் ஒரு போன், நான்காக மடித்த தாள்கள்.]

வணக்கம்.

கதையை எழுதி முடித்த ராத்திரி ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அந்தச் சூட்டோடு அதை யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். நான் அனுப்பினேன், மோல்மீனில் இருக்கும் பெரியப்பாவுக்கு. மறுநாள் காலையிலேயே பதில் வந்துவிட்டது. "நல்லா இருக்கும்மா. ஆனா 1964ல கார் ஏன் ரோட்டுக்கு வலது பக்கம் ஓடுது?"

பர்மாவில் 1970 வரை வண்டிகள் இடது பக்கம்தான் ஓடின. பிறந்ததிலிருந்து வலது பக்கமே பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு அது உறைக்கவே இல்லை. அந்தக் கதையை அப்புறம் ஐந்து முறை திருத்தினேன். அந்த ஐந்து திருத்தத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இந்த வீடியோவில் சொல்லப் போகிறேன்.

[திரையில்: சிவப்புப் பேனா ஒரு "ர"வை அடித்து "ற" ஆக்குகிறது.]

திருத்தம் என்றதும் நம்மில் பலர் செய்வது இதுதான். ர, ற பார்ப்பது, ஒற்று மிகுமா மிகாதா என்று பார்ப்பது. அது மெய்ப்பு பார்க்கிற வேலை. தேவைதான். "வேலை கொடுத்தான்" என்றால் உத்தியோகம் கொடுத்தான். "வேலைக் கொடுத்தான்" என்றால் முருகன் கையில் இருக்கிற வேலைத் தூக்கிக் கொடுத்தான். ஒரே ஒரு "க்" கதையையே மாற்றிவிடும். ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு முழுசாகத் தூக்கிப் போடப் போகிற பத்திக்கு இன்றைக்கு எதற்கு ஒற்று போட வேண்டும்?

முதலில் பார்க்க வேண்டியது கதையை. அதற்கு நான் வைத்திருக்கும் பட்டியல் சுமார் எண்ணூறு வருஷம் பழையது.

[திரையில்: கறுப்புப் பின்னணியில் வரிகள் ஒவ்வொன்றாக வருகின்றன.]

குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை.

நன்னூலில் பவணந்தி முனிவர் சொல்லும் பத்துக் குற்றங்கள். அவர் இதைச் சிறுகதைக்காகச் சொல்லவில்லை, இலக்கண நூல் மாதிரியான நூல்களுக்குச் சொன்னார். அதனால் பத்தையும் அப்படியே கதைக்குப் பொருத்த முடியாது. மயங்க வைத்தல், அதாவது பொருள் தெளிவில்லாமல் சொல்வது, நூலுக்குக் குற்றம், கதையில் சில இடங்களில் வேண்டுமென்றே செய்வோம். ஆனால் ஐந்து குற்றங்கள் என் கதையில் அப்பட்டமாக இருந்தன. உங்கள் கதையிலும் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

[திரையில்: முதல் படி. கையெழுத்தில் ஒரு பத்தி.]

இதுதான் என் முதல் படியின் தொடக்கம். வெட்கத்தை விட்டு வாசிக்கிறேன்.

"1964ஆம் ஆண்டு பர்மாவில் கடைகள் தேசியமயமாக்கப்பட்டன. ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. ஆயிரமாயிரம் தமிழர்கள் கண்ணீரோடு கப்பல் ஏறினார்கள். சின்னப் பாட்டியும் தாங்க முடியாத வேதனையோடு துறைமுகத்தில் நின்றாள். அவளுடைய இதயம் சுக்குநூறாகிக் கொண்டிருந்தது."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கதையும் இல்லை. முதல் மூன்று வாக்கியம் பாடப் புத்தகம். இதுதான் மற்றொன்று விரித்தல், சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விவரிப்பது. பர்மாத் தமிழர்கள் எழுதுகிற கதைகளில் இது ஒரு குடும்ப வியாதி என்றே சொல்வேன். 1942ல் ஜப்பான் படையெடுப்புக்குத் தப்பி இந்தியாவுக்கு நடந்த நடைப்பயணம், 1964 கப்பல், விட்டுப்போன வீடு, விட்டுப்போன வயல், எல்லாவற்றையும் ஐந்து பக்கத்துக்குள் அடைக்கப் பார்க்கிறோம். இன்னொரு முறை எழுத வாய்ப்பு வராது என்கிற பயம். வரும். இன்னொரு கதை எழுதுங்கள்.

கடைசி இரண்டு வாக்கியம் மிகைபடக் கூறல். "தாங்க முடியாத வேதனை" என்று நானே சொல்லிவிட்டால் வாசகர் எதைத் தாங்குவார்?

சரி, என்ன செய்தேன்? பாட்டியிடம் திரும்பப் போய் உட்கார்ந்தேன். அவள் தங்கச்சிதான் கப்பல் ஏறியவள். "அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் பாட்டி அழுகிறாள், விவரம் ஒன்றும் கிடைக்கவில்லை. "கையில என்ன வச்சிருந்தா?" என்று கேட்டேன். மடமடவென்று வந்தது. ஒரு டிரங்குப் பெட்டி. வெற்றிலைப் பை. துறைமுக அதிகாரிகள் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள், வரவில்லை.

[திரையில்: ஆறாவது படி. அச்செடுத்த தாள்.]

இது இப்போதைய தொடக்கம்.

"மூக்குத்தி வரவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் போட்ட திருகு. பின்னால் வரிசை நகராமல் நின்றது. சின்னப் பாட்டி வெற்றிலைப் பையை மேசையில் வைத்தாள். சுண்ணாம்பு மடித்திருந்த தாள் விரிந்து, நூறு கியாட் என்று காட்டியது. அதிகாரி அதைத் தொடக்கூட இல்லை.

'சப்யா ஷீலா?' என்று கேட்டாள்.

அவன் குனிந்து, ஈரம் காயாத ஒரு துண்டு சோப்பைத் தள்ளி வைத்தான்."

நோட்டு செல்லாமல் போன வரலாறு எங்கே போனது? சுண்ணாம்பு மடிக்கப் போய்விட்டது. நாட்டையே விட்டுப் போகிறவள் போகிற நிமிஷத்திலும் பர்மிய மொழியில்தான் சோப்பு கேட்கிறாள். அதற்கு மேல் நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

"சப்யா ஷீலா"வுக்கு அடைப்புக்குறிக்குள் தமிழ் போட்டிருந்தேன், ஐந்தாவது படி வரைக்கும். மதுரையில் வாசிக்கிறவருக்குப் புரியாதே என்ற கவலை. ஆனால் அடுத்த வரியில் சோப்பு வருகிறது. பர்மிய வார்த்தைக்கு அர்த்தம் அடுத்த அசைவிலேயே கிடைத்தால் அடைப்புக்குறி வேண்டாம். கிடைக்கவில்லையென்றால் அசைவைச் சேருங்கள். அதற்கும் வழியில்லையென்றால் தமிழ் வார்த்தையே போதும்.

[திரையில்: வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பெண், அந்தப் பக்கம் ஒரு மேசை. எளிய கோட்டோவியம்.]

மூன்றாவது குற்றம் மாறுகொளக் கூறல், முன்னுக்குப் பின் முரண். தேதி முரண்களைப் பிடிப்பது சுலபம். 1942ல் நடக்கிற கதையில் அனவ்ரத்தா சாலை வரக்கூடாது, அன்றைக்கு அது ஃபிரேசர் தெரு. கையில் கியாட் இருக்கக்கூடாது, அது 1952ல் வந்தது, அதற்கு முன் ரூபாய். தனித் தாளில் வருஷம், தெரு, காசு, வண்டி என்று எழுதிவைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால் முடிந்தது.

பார்வை முரண்தான் கண்ணில் படாது. என் இரண்டாம் படியில் கதை சொல்கிறவள் பாட்டி. அவள் துறைமுக வேலிக்கு வெளியே நிற்கிறாள். ஆனால் உள்ளே அதிகாரியின் மேசையில் சோப்பு ஈரமாக இருப்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது? தங்கச்சி மனசுக்குள் என்ன நினைத்தாள் என்று எப்படிச் சொல்கிறாள்? நான் கவனிக்கவே இல்லை. இதற்கு ஒரு வழி: பத்திக்குப் பத்தி ஓரத்தில் "யார் கண்?" என்று எழுதுங்கள். பதில் மாறுகிற இடத்தில் நில்லுங்கள். நான் வேலியைத் தாண்டி உள்ளே போய்விட முடிவு செய்தேன். அதற்கு விலையாக வேலிக்கு வெளியே பாட்டி நிற்கிற இரண்டு பக்கத்தை எடுக்க வேண்டியிருந்தது. அதில் "கப்பல் போன பிறகு தண்ணீர் மட்டும் திரும்பி வந்தது" என்று ஒரு வரி. எனக்கு ரொம்பப் பிடித்த வரி. அழிக்க மனசு வரவில்லை, அதனால் போனில் "வெட்டியவை" என்று ஒரு கோப்பு வைத்து அதில் போட்டேன். நீங்களும் வையுங்கள், கை தைரியமாக வெட்டும். அந்தக் கோப்பிலிருந்து இதுவரை நான் எதையும் திரும்ப எடுத்ததில்லை.

நான்காவது, சென்று தேய்ந்து இறுதல், போகப் போக வலு இழந்து முடிவது. கப்பல் போகிறது, கண்ணீர், நாற்பது வருஷம் கழித்து ஒரு போட்டோ, பிறகு வாழ்க்கையைப் பற்றி இரண்டு வரி. என் கதை நான்கு முறை முடிந்திருந்தது. கடைசிப் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வாசித்தேன். கதை திருகு மேசையில் விழுகிற சத்தத்திலேயே முடிந்துவிட்டது. மீதியை எடுத்துவிட்டேன்.

ஐந்தாவது, கூறியது கூறல். அதைப் பிடிக்க ஒரு குறுக்கு வழி. கண்ணால் பிடிக்க முடியாது, நாம் எழுதியதைக் கண் மன்னித்துவிடும். போனில் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதியைத் தமிழில் போட்டுவிட்டுக் கேளுங்கள். அந்தக் குரலுக்கு நம் மீது எந்தப் பாசமும் கிடையாது. "மெதுவாக" என்று ஒரே பக்கத்தில் ஐந்து முறை எழுதியிருந்தேன். கரண்ட் போன ஒரு ராத்திரி இருட்டில் படுத்துக்கொண்டு கேட்டபோதுதான் தெரிந்தது.

இடைவெளி எவ்வளவு விடுவது என்று கேட்பீர்கள். எனக்கு இரண்டு வாரம். அடுத்த வரி என்ன என்று மனப்பாடமாக வந்தால் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம்.

[திரையில்: மீண்டும் டீக்கடை மேசை. போன் அதிர்கிறது.]

ஆறாவது படியைப் போன வாரம் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். கார், தெரு, நோட்டு எல்லாம் சரியாக இருந்தது. இப்படிப் பதில் போட்டிருக்கிறார்: "அந்தக் காலத்துல நம்ம பொம்பளைங்க ரெண்டு பக்கமும் குத்தியிருப்பாங்களேம்மா. இன்னொரு மூக்குத்தி என்ன ஆச்சு?"

பாட்டியிடம் கேட்கப் போகிறேன்.