ஃபோமெபிசோல்: மெத்தனால் அமிலமாக மாறும் முன் போட வேண்டிய ஊசி

(திரையில்: நேரக்கோடு, 0 முதல் 24 மணி வரை)

மெத்தனால் (கள்ளச்சாராயத்தில் கலந்திருக்கும் நச்சு ஆல்கஹால்) குடித்தவர் முதல் சில மணி நேரம் லேசான போதையில் இருப்பதுபோல்தான் தெரிவார். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள்தான் கண் மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும். கூடவே சாதாரண மதுவும் குடித்திருந்தால் இந்த இடைவெளி இன்னும் நீளும். நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டுக்கு அனுப்பிவிடும் தவறு இங்கேதான் நடக்கிறது.

(திரையில்: மெத்தனால், ஃபார்மால்டிஹைடு, ஃபார்மிக் அமிலம் என அம்புக்குறிகள்)

உயிரை எடுப்பது மெத்தனால் அல்ல, கல்லீரல் அதிலிருந்து உண்டாக்கும் பொருள். ஆல்கஹால் டீஹைட்ரஜினேஸ் என்ற நொதி மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது விரைவிலேயே ஃபார்மிக் அமிலமாகிறது. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியை இந்த அமிலம் அடைத்துவிடும். பார்வை நரம்பு அதைத் தாங்காது. ரேடியேட்டர் கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகாலும் இதே நொதி வழியாகத்தான் விஷமாகிறது. அதில் முதலில் கிளைகாலிக் அமிலம் வரும், பிறகு ஆக்சலேட். ஆக்சலேட் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிச் சிறுநீரகத்தில் படியும்.

ஃபோமெபிசோல் அந்த நொதியைப் பிடித்துக்கொள்கிறது. மெத்தனால் மெத்தனாலாகவே ரத்தத்தில் சுற்றும், அமிலம் உருவாகாது. ஆனால் ஏற்கெனவே உருவான அமிலத்தை இந்த மருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால், மெத்தனால் அளவு பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள். பல மருத்துவமனைகளில் அந்தப் பரிசோதனையே கிடையாது. வலுவான சந்தேகமே போதும், முதல் டோஸைப் போட்டுவிடுங்கள்.

சந்தேகத்துக்கு வலுச் சேர்ப்பவை இரண்டு ரத்தக் கணக்குகள்: ஆஸ்மோலார் இடைவெளி (ரத்தத்தில் கரைந்திருக்கும் பொருள்களின் அளந்த அளவுக்கும் கணக்கிட்ட அளவுக்கும் உள்ள வித்தியாசம்), அனயான் இடைவெளி (நேரடியாக அளக்காத அமிலங்கள் ரத்தத்தில் சேர்ந்திருப்பதைக் காட்டும் கணக்கு). குடித்த புதிதில் முதலாவது உயர்ந்திருக்கும். மெத்தனால் அமிலமாக மாற மாற அது குறைந்து இரண்டாவது ஏறும். தாமதமாக வந்த நோயாளிக்கு ஆஸ்மோலார் இடைவெளி இயல்பாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

(திரையில்: குப்பி, சிரிஞ்சு, சலைன் பை)

இனி டோஸ். முதலில் உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். பிறகு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 10 மில்லிகிராம், நான்கு தடவை. அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் மறுபடி 15. குறைத்த டோஸை ஏன் மீண்டும் ஏற்றுகிறோம்? இரண்டு நாள் ஆகும்போது உடல் இந்த மருந்தையே வேகமாகச் சிதைக்கப் பழகிவிடுகிறது. பழைய அளவிலேயே விட்டால் நொதி மறுபடி வேலையைத் தொடங்கிவிடும்.

60 கிலோ எடையுள்ளவரை எடுத்துக்கொள்வோம். முதல் டோஸ் 900 மில்லிகிராம். 1.5 மில்லிலிட்டர் குப்பியில் 1.5 கிராம் மருந்து இருக்கும். அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கிராம். எடுக்க வேண்டியது வெறும் 0.9 மில்லிலிட்டர். இவ்வளவு அடர்த்தியான மருந்தில் புள்ளி ஒரு இடம் தவறினால் டோஸ் பத்து மடங்காகிவிடும். இன்னொருவரும் கணக்கைச் சரிபார்க்கட்டும்.

25 டிகிரிக்குக் கீழே இந்த மருந்து உறைந்துவிடும். ஏசி அறையில் கெட்டியாகிப்போன குப்பியைக் கெட்டுப்போனது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். உள்ளங்கையில் வைத்திருங்கள், அல்லது வெதுவெதுப்பான நீரில் காட்டுங்கள். இளகிவிடும், வீரியமும் குறையாது. பிறகு குறைந்தது 100 மில்லிலிட்டர் நார்மல் சலைனிலோ 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸிலோ கலந்து, 30 நிமிடத்தில் ட்ரிப்பாக ஏற்றுங்கள். கலக்காமல் நேராகப் போட்டால் ரத்தக்குழாய் புண்ணாகும். இந்த மருந்தால் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வரலாம்.

ஃபோமெபிசோல் கையில் இல்லையென்றால் எத்தனால், அதாவது சாதாரண மதுவில் இருக்கும் ஆல்கஹால். நொதி மெத்தனாலை விட்டுவிட்டு எத்தனாலைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 100 முதல் 150 மில்லிகிராம் வரை அதை நிலைநிறுத்த வேண்டும். சொல்வது எளிது. அளவை அடிக்கடி பார்க்க வேண்டும், நோயாளி மயங்குவார், குழந்தைகளுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கும். இதை வீட்டில் முயலவே கூடாது. கண்காணிப்பு அறையில் மட்டும்தான்.

(திரையில்: டயாலிசிஸ் இயந்திரம்)

நொதியை மறித்த பிறகு மெத்தனால் மூச்சு வழியாகவும் சிறுநீர் வழியாகவும் மெதுவாகத்தான் வெளியேறும். பாதியாகக் குறையவே இரண்டு நாளுக்கு மேல் ஆகலாம். பார்வை புதிதாகக் கெட்டிருந்தாலோ, வலிப்பு வந்தாலோ, சுயநினைவு போனாலோ, ரத்தத்தின் பிஹெச் (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) 7.15 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ டயாலிசிஸைத் தள்ளிப்போடக் கூடாது. அமிலத்தைச் சமன் செய்ய பைகார்பனேட்டும், ஃபார்மிக் அமிலம் சிதைவதற்கு உதவ ஃபோலினிக் அமிலமும் கொடுப்பார்கள்.

டயாலிசிஸ் ஃபோமெபிசோலையும் சேர்த்தே வெளியே எடுத்துவிடும். இதை மறப்பதுதான் நடைமுறையில் பெரிய ஓட்டை. டயாலிசிஸ் ஓடும்போது 12 மணி இடைவெளி 4 மணியாகிறது. முடிந்ததும் கடைசி டோஸ் எப்போது போட்டோம் என்று பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் மறு டோஸ் வேண்டாம். 1 முதல் 3 மணி என்றால் பாதி. 3 மணிக்கு மேல் என்றால் முழு டோஸ். அதன் பிறகு பழைய 12 மணிக் கணக்கு.

மெத்தனால் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே வந்து, பிஹெச்சும் இயல்பாகி, அறிகுறிகளும் இல்லாதபோது மருந்தை நிறுத்தலாம்.