எழுந்திருக்காத பந்தி

நடுவர் அவர்களே, நான் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்ட எதிரணி நண்பர்களே, பிள்ளைகளின் நீச்சல் வகுப்பைத் தியாகம் செய்துவிட்டு சனிக்கிழமை சாயங்காலத்தை எங்களுக்குக் கொடுத்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

தலைப்பு, 'கலிபோர்னியா வாழ நல்ல இடமா, பேர் மட்டும் வாங்கிய இடமா?' பேர் மட்டும்தான் என்று பேச வந்திருக்கிறேன். ஃப்ரீமாண்டில் இத்தனை வருடம் குடியிருந்துகொண்டு இதைப் பேச உங்களுக்குக் கூச்சமாக இல்லையா என்று என் மனைவி காரிலேயே கேட்டுவிட்டாள். நடுவர் ஐயாவும் கேட்பார். அந்தக் கேள்விக்குக் கட்டாயம் வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

எதிரணியில் முதலில் பேசிய அக்கா வெயிலைப் பற்றிப் பேசினார். சிகாகோவில் இருந்தபோது காலையில் எழுந்து பனி வாரிய கதையைச் சொல்லி, இங்கே ஜனவரியில் அரைக்கைச் சட்டையோடு நடக்கிறோமே என்று கேட்டார். அடுத்து வந்த ஐயா, மாநிலத்தின் பொருளாதாரம் ஜப்பானைத் தாண்டி உலகில் நான்காவது இடத்துக்கு வந்துவிட்டது என்றார். பெர்க்லியில் ஜார்ஜ் ஹார்ட் தமிழ் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். லிவர்மோரில் சிவனும் விஷ்ணுவும் ஒரே கோயிலில் இருப்பதைச் சொன்னார். அத்தனையும் உண்மை. கோயிலை மறுத்துப் பேசிவிட்டு இந்த அரங்கிலிருந்து நான் முழுதாக வெளியே போக முடியாது என்பது எனக்கும் தெரியும்.

சமையல் பிரமாதம் என்கிறார்கள். சரி, பிரமாதம்தான். நான் இலையைப் பற்றிக் கேட்கிறேன்.

'பந்திக்கு முந்து' என்று நம் ஊரில் சொல்லுவோம். கல்யாண வீட்டில் முதல் பந்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்காரர் நிற்பார். உட்கார்ந்திருப்பவரும் மனிதர்தானே, இரண்டாவது பாயசத்தை விட்டுவிட்டு மோருக்குப் போவார். இலையை மடிப்பார். எழுந்திருப்பார். கலிபோர்னியாவில் முதல் பந்தி 1978இல் உட்கார்ந்தது. இன்னும் எழுந்திருக்கவில்லை.

1978 ஜூனில் மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ப்ராப் 13 என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். சொத்துவரி, உள்ளூர்க் கடன் பத்திரங்களுக்கான சிறு வரியைத் தவிர்த்துப் பார்த்தால், வீட்டின் மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்பும், வீடு கைமாறாத வரைக்கும், வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வீடு விற்றால், வாங்குகிறவருக்கு அன்றைய விலையில் புதிதாகக் கணக்கு. கெட்ட எண்ணத்தில் வந்த சட்டம் என்று சொல்ல மாட்டேன். விலை தாறுமாறாக ஏறி, ஓய்வுபெற்றவர்கள் வரி கட்ட முடியாமல் சொந்த வீட்டை விற்கும் நிலை அப்போது இருந்தது. ஆனால் வீடு வைத்திருக்கும் வயதானவருக்காக என்று பேசப்பட்ட சட்டத்தின் நிழலில் பெரிய கம்பெனிகளின் கட்டடங்களும் வசதியாகப் படுத்துக்கொண்டன. அதையாவது மாற்றலாம் என்று 2020இல் வந்த ப்ராப் 15 தோற்றுப்போனது.

எங்கள் தெருவில் மூன்று வீடுகள் வரிசையாக இருக்கின்றன. மூன்றும் ஒரே பிளான், ஒரே மூன்று படுக்கையறை. முதல் வீட்டுப் பெரியவர் 1976இல் 55,000 டாலருக்கு வாங்கினார். வருடத்துக்கு 1,600 டாலர் போல வரி கட்டுகிறார். இரண்டாவது வீடு 2011இல், வீட்டுச் சந்தை குப்புற விழுந்து கிடந்த நேரத்தில், 5,60,000க்கு வாங்கியது. வரி 8,500 போல வருகிறது. மூன்றாவது வீட்டில் போன வருடம் குடிவந்த ஒரு மதுரைத் தம்பதி. 17,50,000 டாலர். வரி 20,000. மூன்று வீட்டுக்கும் ஒரே குப்பை வண்டி வருகிறது. மூன்று வீட்டுக்கும் ஒரே பள்ளிக்கூடம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மாதக் கடனோடு மூச்சுவாங்கும் அந்தப் பிள்ளைகள், பெரியவர் கட்டுவதைப் போலப் பன்னிரண்டு மடங்கு கட்டுகிறார்கள். இரண்டாவது வீடு யாருடையது என்று இப்போது கேட்காதீர்கள்.

ஐயா எழுந்திருக்கப் பார்க்கிறார். என்ன கேட்கப்போகிறார் என்று தெரியும். 'விலை இவ்வளவு ஏறுகிறது என்றால் ஊர் நல்ல ஊர் என்றுதானே அர்த்தம்?' ஐயா, ரிலீஸ் அன்று பிளாக்கில் டிக்கெட் வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். படம் நல்ல படமா என்று தெரியாமலேயே பத்து மடங்கு கொடுத்தோம். ஊரில் ஒரே தியேட்டர், அவ்வளவுதான். இங்கே அந்த ஒரே தியேட்டரை வேண்டுமென்றே ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். சான் ஹோசே நகரில் குடியிருப்பு நிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேல், ஒரு மனைக்கு ஒரு வீடு மட்டும் என்று பல காலம் எழுதிவைத்திருந்தார்கள். பத்து லட்சம் பேர் இருக்கிற ஊர் அது. 2021இல் மாநில அரசு சட்டம் போட்டு அந்தக் கதவை அரையடி திறந்தது. அதற்குள் காலம் போய்விட்டது. 2024இல் அந்த வட்டாரத்தில் வீட்டின் நடுத்தர விலையே 20 லட்சம் டாலரைத் தொட்டது. அமெரிக்காவில் வேறு எந்தப் பெருநகர வட்டாரமும் அதுவரை தொடாத விலை.

பெர்க்லியைப் பற்றி ஐயா உருகிப் பேசினார். அந்தப் பெர்க்லியில் நடந்ததை நானும் சொல்கிறேன். 1970இல் வந்த ஒரு சுற்றுச்சூழல் சட்டம் இருக்கிறது. ஆற்றையும் காட்டையும் காப்பாற்ற வந்த நல்ல சட்டம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். மாணவர் எண்ணிக்கை கூடுவது சுற்றுச்சூழலைப் பாதிக்கிறதாம். மாணவர் எண்ணிக்கையை மேலும் கூட்டக் கூடாது என்று 2021இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. சுமார் 3,000 பிள்ளைகளின் இடம் போகும் நிலை வந்தபிறகு, சட்டமன்றம் அவசரமாகக் கூடி 2022 மார்ச்சில் சட்டத்தைத் திருத்தியது. அதோடு முடிந்ததா? அடுத்த வருடம் மாணவர் விடுதி கட்டும் வழக்கில், பிள்ளைகள் போடும் சத்தத்தையும் சுற்றுச்சூழல் பாதிப்பாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதற்கும் தனியாக ஒரு சட்டம் போட்டுத்தான் விடுதியைக் காப்பாற்றினார்கள். புகை மாசு, தூசி மாசு கேள்விப்பட்டிருக்கிறோம். பிள்ளை மாசு இங்கேதான்.

இந்த மாநிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. கமலா ஹாரிஸின் அம்மா சியாமளா கோபாலன் 1958இல் பெர்க்லிக்கு வந்து இறங்கியபோது இது இலை போட்டுக் கூப்பிட்ட ஊர். இந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் கட்டணம் கூடாது என்று 1960இல் திட்டமாகவே எழுதினார்கள். 1965இல் மட்டும் அர்வைன், சான்டா குரூஸ் என்று இரண்டு புதிய பல்கலைக்கழக வளாகங்களைத் திறந்தார்கள். அதற்கு அடுத்த வளாகம் எப்போது வந்தது? மெர்செட், 2005. நாற்பது வருடம்! நடுவில் மக்கள்தொகை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது. இன்று பெர்க்லிக்கு விண்ணப்பிக்கும் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கிறது. அக்கா, உங்கள் பையன் பன்னிரண்டாவது படிக்கிறான் என்று நினைக்கிறேன். அந்த வெயில் அப்போது உதவாது.

அடுத்து, உலகில் நான்காவது பொருளாதாரம். பெரிய அடுப்புதான். அந்த அடுப்பு எரிகிற வீட்டில் 2024 கணக்கெடுப்பின்படி 1,87,000 பேர் வீடில்லாமல் இருக்கிறார்கள். அமெரிக்காவில் எட்டில் ஒருவர்தான் கலிபோர்னியாக்காரர், ஆனால் வீடில்லாதவர்களில் நான்கில் ஒருவர் இங்கே இருக்கிறார். வாடகைச் செலவையும் சேர்த்துக் கணக்கிடும் வறுமை அளவுகோல் ஒன்று உண்டு. அதில் பார்த்தால் நாட்டிலேயே வறுமை அதிகமான மாநிலங்களின் முன்வரிசையில் இது நிற்கிறது. நடுப் பள்ளத்தாக்கில் உலகத்துக்கே பாதாம் விளைகிறது. அதைப் பறித்துத் தருபவர்களின் சில ஊர்களில் குழாய்த் தண்ணீரில் நைட்ரேட் கலந்திருக்கிறது, குடிக்க முடியாது. வரி குறைவா என்றால் அதுவும் இல்லை. மாநில வருமானவரியின் உச்சம் 13.3 சதவீதம். கம்பெனிப் பங்கு கைக்கு வரும் நாளில் அது எப்படிக் கடிக்கும் என்று இந்த அரங்கில் பாதிப் பேருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெயிலுக்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன், மணி அடித்துவிடுவார்கள். 2020 செப்டம்பர் 9, புதன்கிழமை காலை யாருக்காவது மறந்திருக்கிறதா? காட்டுத்தீப் புகையால் பத்து மணிக்கு வானம் கருவாட்டுக் குழம்பு நிறத்தில் இருந்தது. தெருவிளக்கு அணையவில்லை. என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள், கொரோனாவால் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கிரகணமா என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்கள். காட்டுத்தீக்கும் வீட்டு விலைக்கும் என்ன சம்பந்தம் என்றால், இருக்கிறது. கடலோரத்தில் இலை கிடைக்காதவர்கள் காட்டோரம் போகிறார்கள். பாரடைஸ் என்று ஒரு ஊர், பேரே சொர்க்கம். குறைந்த விலையில் வீடு கிடைக்கும் என்று ஓய்வுபெற்றவர்கள் பலர் போய்க் குடியிருந்த மலையூர். 2018 நவம்பரில் பராமரிக்காத மின்கம்பியிலிருந்து பற்றிய தீயில் 85 பேர் செத்தார்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் எரிந்ததை நாமே டிவியில் பார்த்தோம். காப்பீட்டுக் கம்பெனிகள் அதற்கும் முன்பே கணக்குப் போட்டுவிட்டன. ஸ்டேட் ஃபார்ம் 2023 மே மாதமே இங்கே புது வீட்டுக் காப்பீடு எழுதுவதை நிறுத்திவிட்டது. நிலநடுக்கத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. இந்த ஊருக்கு அடியிலேயே ஹேவர்டு பிளவு போகிறது, 1868க்குப் பிறகு பெரிதாக ஆடவில்லை. அது ஆடும்போது பேசிக்கொள்ளலாம்.

இங்கே நல்லதே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்று 2002இல் முதலில் சட்டம் போட்ட மாநிலம் இதுதான். வேலையை விட்டு எதிர்க் கம்பெனிக்குப் போனால் உன்னைத் தடுக்க முடியாது என்று சொல்லும் சட்டமும் இங்கே உண்டு. நம்மில் பலர் வளர்ந்தது அதனால்தான். ஆனால் வாழ நல்ல இடம் என்று ஒரு ஊரைச் சொல்ல வேண்டுமானால், புதிதாக வந்த பிள்ளைக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டாமா? 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு, மாநிலமான 1850இலிருந்து முதல் தடவையாக, காங்கிரசில் ஒரு இடத்தை கலிபோர்னியா இழந்தது. 53 போய் 52 ஆனது. மற்ற மாநிலங்களிலிருந்து வருகிறவர்களைவிட அங்கே போகிறவர்கள் அதிகம்.

அப்படிப் போனவர்களில் என் மகளும் ஒருத்தி. கம்ப்யூட்டர் படிக்காமல் ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஆனாள். அது வேறு பஞ்சாயத்து, வீட்டில் முடித்துவிட்டோம். இரண்டு வருடம் இங்கேயே வேலை பார்த்தாள். 26 வயதில், எட்டாம் வகுப்பில் வாங்கிக் கொடுத்த கட்டிலில், கால் வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். தனியாக வீடு எடுத்தால் சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போய்விடும். போன ஜூனில் டாலஸ் பக்கம் போய்விட்டாள். ஜூலையில் போன் செய்து, வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று அழுதாள். அக்கா, அந்த இடத்தில் உங்கள் கட்சிதான் ஜெயித்தது. ஆகஸ்டில் மறுபடி போன் செய்தாள். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு கிடைத்துவிட்டது என்று சொன்னாள்.

இப்போது நடுவரின் கேள்வி. 'அப்புறம் நீர் ஏன் இன்னும் இங்கே இருக்கிறீர்?' இரண்டாவது வீடு என்னுடையது, ஐயா. 2011இல் வாங்கினேன். புத்திசாலித்தனத்தால் இல்லை, அந்த வருடம் வேலை போகாமல் இருந்தது, அவ்வளவுதான். எனக்கு இலை கிடைத்துவிட்டது. இந்த வீட்டை விற்றுவிட்டு இதே தெருவில் இதைவிடச் சின்ன வீட்டுக்குப் போனால்கூட வரி இரண்டு மடங்கு ஆகிவிடும். ஆகையால் நானும் மகளின் அறையைப் பூட்டிவைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அக்கா 2009இல் வாங்கினார், ஐயா 1998. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று நாங்கள் மூன்று பேரும் சொல்லலாம்.

மணி அடித்துவிட்டது. எதிரணியில் அடுத்துப் பேச வரும் தம்பி, மலை தாண்டித் தூரத்தில் இருக்கும் மவுண்டன் ஹவுசில் வீடு வாங்கியிருக்கிறார். சன்னிவேலில் வேலை. நடுவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வாரநாளில் காலை எத்தனை மணிக்கு அவர் வீட்டை விட்டுக் கிளம்புகிறார், அப்போது குழந்தை விழித்திருக்குமா என்று மட்டும் கேட்டுவிட்டு அவரைப் பேச விடுங்கள். நன்றி, வணக்கம்.