வீட்டோடு மாப்பிள்ளையாக ஒரு கோம்பி

நடுவர் அவர்களே, எதிரணியில் தெம்பாக உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, மெல்போர்ன் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

விடுமுறையும் வீடும் இனிக்கப் படுக்கை வைத்த பழைய கேம்பர் பஸ்ஸா, நல்ல காரும் ஓட்டல் ரூமுமா என்பது இன்றைய தலைப்பு. நான் பஸ் கட்சி. எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பில் ஒரு கணக்குப் போட்டார். "பழைய வண்டிகளுக்கென்று இங்கே கொடுக்கிற கிளப் பர்மிட் வாங்கிய வண்டி வருஷத்துக்கு அதிகபட்சம் 90 நாள்தான் ரோட்டில் ஏறலாம். மீதி 275 நாள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அது வண்டியா, வீட்டோடு மாப்பிள்ளையா?" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன்.

சரி, அந்த 275 நாளிலிருந்தே வருகிறேன்.

எங்களிடம் இருப்பது 1976-ம் வருஷத்து ஃபோக்ஸ்வாகன் கோம்பி. 2020-ல் இந்த ஊரில் 112 நாள் ஊரடங்கு. ஐந்து கிலோமீட்டர் தாண்டக்கூடாது. வீட்டில் ஒரு அறையில் என் வீட்டுக்காரருக்கு மீட்டிங், இன்னொன்றில் எனக்கு மீட்டிங், கூடத்தில் ஊரிலிருந்து வந்து திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட மாமியார். மகளுக்கு ஆன்லைன் வகுப்பு எங்கே? கோம்பியில். கூரையைத் தூக்கிவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு படித்தாள். வகுப்பு முடிந்ததும் மாமியார் ஃபில்டர் காபியோடு போய் முன்சீட்டில் உட்காருவார். "இன்னைக்கு எந்த ஊருக்குடி போறோம்?" "கும்பகோணம், பாட்டி!" ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்லை. அந்த வருஷம் எதிரணியின் ஓட்டல் ரூம் என்ன ஆனது? வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள், நடுவர் அவர்களே!

இந்த வண்டியே அப்படி யோசித்துப் பிறந்ததுதான். 1947-ல் பென் பொன் என்ற டச்சு வியாபாரி நோட்டில் ஒரு பெட்டி வரைந்தார். பெயரிலேயே பொன்! முன்னால் ஓட்டுபவர், பின்னால் இன்ஜின், நடுவில் வெறும் இடம். 1950-ல் வண்டி வந்தது. அடுத்த வருஷமே ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா அந்த வெறும் இடத்துக்குப் படுக்கையும் அலமாரியும் செய்து கொடுக்க ஆரம்பித்துவிட்டது. நம்ம மெல்போர்னில் தோசை சாப்பிடப் போகிறோமே கிளேட்டன், அங்கேயும் ஒரு காலத்தில் இந்தக் கோம்பிகளைப் பாகம் பாகமாகச் சேர்த்துச் செய்துகொண்டிருந்தார்கள்.

எதிரணியில் தங்கை ஒருவர் ரிப்பேர் செலவைப் பற்றிப் பேசினார். தங்கச்சி, எங்கள் அப்பா அம்பாசடர் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் டேப்பட் செட் பண்ணும்போது, அதாவது இன்ஜின் வால்வு இடைவெளியைச் சரிபண்ணும்போது, அதை அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜை எடுத்துக் கொடுத்தது நான். இன்றைக்குக் கோம்பிக்கும் நான்தான் செட் பண்ணுகிறேன். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, 0.15 மில்லிமீட்டர் தகட்டை விட்டுப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் சாம்பார் வைப்பார். இரண்டுமே சுமாராகத்தான் வரும்.

கஷ்டமே இல்லை என்று நான் புளுகமாட்டேன். கடலோரம் போகிற கிரேட் ஓஷன் ரோட்டில் லேவர்ஸ் ஹில் மேடு ஏறும்போது இரண்டாம் கியர்தான், பின்னால் ஊர்வலம்தான். மெதுவான வண்டிகள் ஒதுங்கி வழிவிட ரோட்டோரம் இடம் விட்டிருக்கிறார்களே, அதில் எனக்குத் தெரியாத இடம் கிடையாது. ராத்திரி மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு கேம்ப் கழிப்பறைக்கு நடக்கும்போது எதிரணிக்கு ஓட்டுப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றும்.

ஆனால் ஒரு நாள் நடந்ததைச் சொல்லவேண்டும். ஊரடங்கு முடிந்த பிறகு, அதே ரோட்டில் வை ரிவர் என்ற ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். மாமியார் மூக்கைச் சுளித்து, "கெரசின் வாசம் வருதே" என்றார். ஓரங்கட்டிப் பார்த்தால், பெட்ரோல் ஹோஸில் விரிசல். பழைய ரப்பர், மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்று தள்ளிப்போட்டது என் சோம்பல். இன்ஜின் சூட்டில் அது சொட்டினால் வண்டியே எரிந்துவிடும். அணைத்துவிட்டு, எல்லாரையும் தள்ளி உட்காரவைத்து, இழுவை வண்டிக்காக மூன்று மணி நேரம் காத்திருந்தோம். எதிரே கடல். போனில் சிக்னல் போதவில்லை. முறுக்கு டப்பா காலியானது.

அப்புறம் மாமியார் பேச ஆரம்பித்தார். தான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் என்றார். மின்சார வாரியத்தில் வேலைக்கு ஆர்டர் வந்ததாம். கல்யாணம் நிச்சயமானதால் அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாராம். "அந்தப் பேப்பர் இன்னும் இருக்கு" என்றார். நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போய் 14 வருஷம், நடுவர் அவர்களே. எனக்குத் தெரியாது. பெற்ற பிள்ளைக்கே தெரியாது! ஓட்டல் ரூமில் இருந்திருந்தால் அவர் சீரியல் பார்த்திருப்பார், நாங்கள் போனைப் பார்த்திருப்போம்.

இப்போது வீட்டில் சண்டை வந்தால் என் வீட்டுக்காரரும் நானும் போய் உட்காருவது கோம்பியில்தான். கதவைச் சாத்தினால் பிள்ளைகளுக்குக் கேட்காது. முழங்கால் இடிக்கிற இடத்தில் ரொம்ப நேரம் முறைத்துக்கொண்டிருக்கவும் முடியாது.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். வண்டி வெளியேதான் நிற்கிறது. பர்மிட் நாட்களைக் குறிக்கிற லாக் புத்தகத்தில் இன்றைய தேதியைக் காலையிலேயே எழுதியாயிற்று, 90-ல் ஒரு நாள் எப்படியும் போய்விட்டது. எதிரணித் தலைவர் விரும்பினால் கிளேட்டன் வரைக்கும் தோசைக்கு அழைத்துப் போகிறேன். வழியில் மேடு வந்தால் மட்டும் அண்ணன் கொஞ்சம் இறங்கி நடக்கவேண்டியிருக்கும்.