விசுவாசம், நம்பிக்கை, அன்பு: ஒரு கல்லில் மூன்று கோடுகள்

[காட்சி: திருகோணமலை. நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் சிலுவைப் பதக்கங்கள்.]

முதல்நன்மை, உறுதிப்பூசுதல், திருமணம் என்று வந்தால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது சிலுவைப் பதக்கம். அதில் ஒரு கல்லும் இருந்தால் சிறப்பு என்போம். எந்தக் கல், ஏன் அந்தக் கல் என்று யோசிப்பவர்கள் குறைவு.

வேதாகமம் யோசித்திருக்கிறது. யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தில் தலைமைக் குரு ஆரோனின் மார்ப்பதக்கத்தில் நான்கு வரிசைகளாகப் பன்னிரண்டு கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோத்திரத்தின் பெயர். தன் மக்களை அவர் நெஞ்சில் சுமக்க வேண்டும். அந்த நகையே ஒரு பொறுப்பு.

பிற்காலத்தில் குணங்களுக்கும் அடையாளங்கள் வந்தன. விசுவாசத்துக்குச் சிலுவை, நம்பிக்கைக்கு நங்கூரம், அன்புக்கு இதயம். எபிரெயர் 6:19 நம்பிக்கையை ஆத்துமாவின் நங்கூரம் என்கிறது. துறைமுகத்து மக்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். ஐரோப்பிய ஓவியர்கள் இம்மூன்றுக்கும் வெள்ளை, பச்சை, சிவப்பு நிறங்களைக் கொடுத்தார்கள். அதைப் பின்பற்றி முத்து, மரகதம், மாணிக்கம் பதிக்கலாம். ஆனால் முத்து மென்மையானது, மரகதத்தில் இயல்பாகவே வெடிப்புகள் அதிகம். தினமும் அணியும் மோதிரத்துக்கு இவை வேண்டாம். பதக்கத்திலோ தோட்டிலோ இருக்கட்டும்.

[காட்சி: இருண்ட அறை. ஒரேயொரு டார்ச் விளக்கு. விரல்களுக்கிடையே சாம்பல் நீலக் கல்.]

என் தேர்வு நம் நாட்டு நட்சத்திர நீலக்கல். பட்டை தீட்டாமல், மேற்புறம் குவிந்து வழவழப்பாக இருக்கும்படி தேய்த்த கல் இது. சாதாரண வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியும். ஒற்றை விளக்கை மேலே பிடியுங்கள்: மூன்று கோடுகள் நடுவில் ஒன்றையொன்று வெட்டி, ஆறு கதிர்களாக விரியும். கல்லைச் சாய்த்தால் நட்சத்திரமும் நகரும். உள்ளே ரூட்டைல் என்ற கனிமம் ஊசி ஊசியாக மூன்று திசைகளில் படிந்திருக்கிறது. அதில் ஒளி பட்டுத் திரும்புவதே இந்தக் கோடுகள். தேய்ப்பவர் அடிப்பாகத்தைச் சற்றுக் கோணலாக அமைத்துவிட்டால் நட்சத்திரம் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். நியூயார்க் அருங்காட்சியகத்தில் உள்ள 563 கரட் ‘இந்திய நட்சத்திரம்’ இலங்கை மண்ணில் கிடைத்ததுதான்.

விசுவாசம், நம்பிக்கை, அன்பு ஆகிய மூன்றும் நிலைத்திருக்கும் என்று 1 கொரிந்தியர் 13 சொல்வதை அந்த மூன்று கோடுகளில் நான் காண்கிறேன். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த நிலையில், கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் 9 என்று நிற்கும் கல் என்பதால் தினமும் அணியலாம்.

இனி, நான் அதிகம் கவலைப்படும் விடயம். அன்பைச் சொல்லும் மோதிரத்தை ஏமாற்றி விற்றால் அதில் எந்த அன்பும் இல்லை. நீலக்கல்லைச் சூடாக்கி நிறம் ஏற்றுவது வழக்கமான முறை; சொல்லி விற்றால் குற்றமில்லை. வெடிப்புகளில் ஈயக் கண்ணாடியை நிரப்பிய மாணிக்கம் அப்படியல்ல. எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிக்கப்படும். நட்சத்திரக் கல்லிலும் செயற்கை உண்டு: கதிர்கள் மிகக் கூர்மையாக, வரைந்து வைத்ததுபோல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

[காட்சி: விற்பனைச் சீட்டு, அருகில் எடைத் தராசு.]

பேதுருவின் முதல் நிருபம் பொன் ஆபரணங்களைவிட உள்ளத்தின் சாந்தத்தையே உயர்த்துகிறது. அதனால் கல் சிறிதாக இருக்கட்டும். ஆனால் கல்லின் பெயர், கரட் எடை, இயற்கையா செயற்கையா, சூடாக்கியதா, நிரப்பியதா என்ற விவரங்களைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். விலை அதிகமென்றால், பணம் கொடுக்கும் முன் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வகத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.