மேடையே ஐரிஷ் இயக்குநரின் சொந்த நிலம்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

‘அயர்லாந்தில் பெரிய நிறுவனங்களைச் சாராமல் இயங்கும் ஓர் இயக்குநரை வளர்த்துக் காப்பது மேடையா, திரையா?’ இதுதான் தலைப்பு. மேடையே என்று வாதிட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் சற்றுமுன் ஜான் கார்னியின் ‘ஒன்ஸ்’ படத்தை எடுத்துவைத்தார். 17 நாள் படப்பிடிப்பு, ஏறக்குறைய 1,30,000 யூரோ செலவு, 2008-இல் சிறந்த பாடலுக்கு ஆஸ்கர். “ஒரு கேமரா போதும், நாடக அரங்கு எதற்கு?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஐரிஷ் இயக்குநர் ஜிம் ஷெரிடன்.

1989-இல் வந்த ‘மை லெஃப்ட் ஃபுட்’ அவர் இயக்கிய முதல் படம். அதற்கு ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள். டேனியல் டே லூயிஸ், பிரெண்டா ஃப்ரிக்கர் இருவரும் நடிப்புக்காக வென்றார்கள். முதல் படத்திலேயே இரண்டு நடிகர்களை அந்த உயரத்துக்குக் கொண்டுபோனவர் எங்கே தொழில் கற்றார்? எழுபதுகளில் டப்ளினின் புராஜெக்ட் ஆர்ட்ஸ் சென்டரில் நாடகம் போட்டார். எண்பதுகளில் நியூயார்க்கின் ஐரிஷ் ஆர்ட்ஸ் சென்டரை நடத்தினார். இன்னொன்றையும் நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும். 1987-இல் ஐரிஷ் அரசு தன் திரைப்பட வாரியத்தையே மூடிவிட்டது. மறுபடி திறந்தது 1993-இல். அந்த ஆறு ஆண்டுகளில் திரையை மட்டும் நம்பியிருந்த இளம் இயக்குநர் தொழில் பழக எங்கே போயிருப்பார்?

நாடகக்காரரின் கையில் நடிகர் ஏன் இப்படி மலர்கிறார்? கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பக்கத் திரைக்கதையை 25 நாளில் எடுக்க வேண்டுமானால் தினம் நான்கு பக்கம். விளக்கு வைக்க, கேமராவை இடம் மாற்ற, ஒலியைச் சரிபார்க்க என்று பொழுது கரைந்துவிடும். நடிகரோடு உட்கார்ந்து பேச மிஞ்சுவது சில நிமிடங்கள். காட்சி சரியாக அமையவில்லை என்பது எடிட்டிங்கில்தான் பல நேரம் தெரியும். அதற்குள் நடிகர் வேறு படத்துக்குப் போயிருப்பார், படப்பிடிப்பு நடந்த வீட்டின் சாவி உரிமையாளரிடம் போயிருக்கும், திரும்ப எடுக்கப் பணம் இருக்காது.

நாடகத்துக்குப் பொதுவாக நான்கு வார ஒத்திகை. முதல் சில நாள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். இந்த வரியைச் சொல்லி இந்தப் பாத்திரம் எதிரில் இருப்பவரிடம் எதைப் பெறப் பார்க்கிறது என்று வரிவரியாகத் தேடுவார்கள். பிறகு எழுந்து நின்று, நடந்து, இடம் பிடிப்பார்கள். மூன்றாம் வாரத்தில் கையில் பிரதி இருக்கக் கூடாது. இருந்தால் பார்வை தாளில்தான் இருக்கும், எதிரில் இருப்பவரின் முகத்துக்கு வராது. கடைசி வாரம் நிறுத்தாமல் முழு நாடகமும் ஓடும். பிறகு அரங்கில் விளக்கையும் ஒலியையும் பொருத்துவார்கள், அவையோரை வைத்து முன்னோட்டக் காட்சிகள் நடக்கும். செவ்வாய் இரவு எந்த வசனத்தில் அவை நெளிந்ததோ, அந்த இடத்தைப் புதன் மதியமே திருத்திவிடலாம். சின்னப் பட்ஜெட் படத்தில் இந்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

அடுத்து நாடக இயக்குநர் கேரி ஹைன்ஸ். 1975-இல் மேரி மல்லன், மிக் லாலி என்ற இரு நடிகர்களோடு சேர்ந்து கால்வே நகரில் ட்ரூயிட் நாடகக் குழுவைத் தொடங்கினார். தலைநகரில்கூட இல்லை, மேற்குக் கடற்கரையில்! அதுவரை ஒரு நாடகமும் மேடையேறாத எழுத்தாளர் மார்ட்டின் மெக்டோனாவின் பிரதியை எடுத்து 1996-இல் அரங்கேற்றினார். அந்த நாடகம் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்குப் போனது. 1998-இல், அமெரிக்க நாடக உலகின் உயரிய விருதான டோனியை நாடக இயக்கத்துக்காக வென்ற முதல் பெண் என்ற பெருமை ஹைன்ஸுக்குக் கிடைத்தது. 2005-இல் ஐரிஷ் நாடக ஆசிரியர் ஜே.எம். சிங்கின் ஆறு நாடகங்களையும் ஒரே நாளில் நிகழ்த்திக் காட்டினார். 2023-இல் இன்னொரு ஐரிஷ் நாடக ஆசிரியரான ஷான் ஓகேசியின் மூன்று நாடகங்கள். 48 ஆண்டுகள் இடைவிடாத தொழில் வாழ்க்கை இது.

திரையில் என்ன நடக்கிறது? ஐரிஷ் திரை இயக்குநர் லெனி ஆப்ரஹாம்சனின் ‘கராஜ்’ 2007-இல் கேன்ஸ் திரைவிழாவில் பரிசு வாங்கியது. அவருடைய அடுத்த திரைப்படம் வந்தது 2012-இல். திறமைசாலிக்கே ஐந்து ஆண்டு இடைவெளி! ஒரு படத்துக்கான பணம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. அரசின் திரைப்பட நிதி அமைப்பான ஸ்கிரீன் அயர்லாந்து கொஞ்சம், ஒரு தொலைக்காட்சி கொஞ்சம், விநியோகஸ்தர் கொஞ்சம், அதன்மேல் அரசின் வரிச்சலுகை. மற்றவர் கையெழுத்துப் போடட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருப்பார்கள். ஒருவர் விலகினால் நடிகர் தந்த தேதி போய்விடும், நடிகர் போனால் விநியோகஸ்தரும் போய்விடுவார். வரிச்சலுகை போய்ச் சேருவதும் தயாரிப்பு நிறுவனத்துக்குத்தான், இயக்குநரின் கைக்கு அல்ல.

நாடகத்தில் காசு நிறைய வரும் என்று நான் வாதிடவில்லை. 2022-இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் தரும் சோதனைத் திட்டத்தை அரசே தொடங்க வேண்டியிருந்தது. நான் சொல்வது சேர்ந்து உழைப்பதில் பிறக்கும் உறவைப் பற்றி. 1996-இல் கார்க் நகரின் கார்கடோர்கா குழு, எண்டா வால்ஷ் எழுதிய ‘டிஸ்கோ பிக்ஸ்’ நாடகத்தை இரண்டே நடிகர்களோடு போட்டது. அவர்கள் கிலியன் மர்ஃபியும் ஐலீன் வால்ஷும். 28 ஆண்டு கழித்து, 2024-இல் ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’ படத்தில் அதே இருவர் கணவன் மனைவியாக நடித்தார்கள், திரைக்கதை அதே எண்டா வால்ஷ். ஓர் ஒத்திகை அறையில் பிறந்த நம்பிக்கை அது.

இப்போது ‘ஒன்ஸ்’. அனுமதி வாங்காமல், தூரத்திலிருந்து நீண்ட லென்ஸில் டப்ளின் தெருவைப் படம் பிடித்தார்கள். நடித்த இருவரும் இசைக்கலைஞர்கள், தங்கள் பாட்டையே பாடினார்கள், அதனால் பலித்தது. அப்புறம் அந்தக் கதை எங்கே போனது? மேடைக்கு! நாடகமாக எழுதித் தந்தவர் யார்? அதே எண்டா வால்ஷ். 2012-இல் அதற்கு எட்டு டோனி விருதுகள். இன்றைய விதிப்படி மொத்தச் செலவு 2,50,000 யூரோவை எட்டாத படத்துக்கு அந்த வரிச்சலுகையே கிடையாது. அப்படியானால் ‘ஒன்ஸ்’ அளவில் படமெடுக்க நினைக்கும் இளைஞரை எதிரணி எந்தக் கதவைத் தட்டச் சொல்கிறது? பதிலைக் கேட்க ஆவலோடு அமர்கிறேன். வணக்கம்.